ஃபெல்ட் துணியில் ஓர் ஊசிப் புத்தகம்

ஃபெல்ட்டில் கைவேலை செய்பவர்களிடம் "ஏன் இந்தத் துணி?" என்று கேட்டால், "ஓரம் அடிக்க வேண்டாம்" என்ற பதில்தான் முதலில் வரும். உண்மைதான். பாவும் ஊடும் இல்லாத துணி இது. இழைகள் தாறுமாறாகப் பின்னிப் பிணைந்து கிடப்பதால் எந்தத் திசையில் வெட்டினாலும் நூல் பிரிவதில்லை, பிசிறு தொங்குவதில்லை. ஆனால் அந்தச் சலுகைக்கு ஒரு விலை உண்டு. மடித்து மறைக்க ஓரமே இல்லாததால் கத்தரி போன கோடு அப்படியே வெளியே தெரிகிறது. அந்தக் கோட்டின்மேல் போடும் தையலும் அப்படியே தெரிகிறது. மற்ற துணிகளில் உள்ளே ஒளிந்துகொள்ளும் வேலை எல்லாம் இங்கே முகப்புக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் ஓரத் தையல் போடும் நேரத்தை இந்த வேலையின் மிகச் சுவையான பகுதியாக நான் நினைக்கிறேன்.

இந்த முறை செய்தது ஊசிகளை வைத்துக்கொள்ள ஒரு சிறு புத்தகம். விரித்தால் நீளம் 20 செ.மீ., அகலம் 10 செ.மீ.; மடித்தால் உள்ளங்கை அளவுச் சதுரம். வெளியட்டை கருநீலம். முன்னட்டையில் ஒரு பூ, பின்னட்டையில் ஓர் இலை. உள்ளே ஊசி குத்தி வைக்க இரண்டு கம்பளித் தாள்கள். மூடிக் கட்ட ஒரு பொத்தானும் நூல் வளையமும். முதல்முறையாக ஃபெல்ட்டைத் தொடுகிறவருக்கும் இதையே பரிந்துரைப்பேன். நேர்கோடு, மூலை, வளைவு, ஒட்டுவேலை, பூத்தையல் என்று எல்லாமே இந்தச் சிறு பரப்பில் வந்துவிடுகின்றன. செய்து முடித்த பொருளும் அலமாரியில் தூங்காமல் தினமும் கைக்கு வரும்.

ஃபெல்ட் என்ற பெயரில் விற்பவை எல்லாம் ஒரே துணி அல்ல. முழுக் கம்பளி, கம்பளியும் ரேயானும் கலந்தது, அக்ரிலிக், பாலியெஸ்டர் என்று பல வகை. கம்பளி இழையின் மேற்புறத்தில் நுண்ணிய செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் அழுத்தமும் சேரும்போது அந்தச் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இறுகுகின்றன. அப்படித்தான் கம்பளி ஃபெல்ட் உருவாகிறது. செயற்கை இழைக்குச் செதில் இல்லை. முள் வைத்த ஊசிகளை இயந்திரம் ஆயிரக்கணக்கில் குத்திக் குத்தித்தான் அந்த இழைகளைச் சிக்க வைக்கிறது. இந்த வேறுபாட்டைக் கையிலேயே உணரலாம். கம்பளியில் ஊசி மெத்தென்று இறங்கும். மலிவான அக்ரிலிக் தாளை விளக்குக்கு நேரே பிடித்தால் திட்டுத் திட்டாக வெளிச்சம் ஊடுருவும். விரலால் தேய்த்தால் சீக்கிரமே முடி உருண்டையாகத் திரளும். பழகுவதற்கும் குழந்தைகள் வெட்டி விளையாடுவதற்கும் அது போதும். பல மாலைப்பொழுதுகளைச் செலவிட்டுப் பூத்தையல் போடப் போகிறீர்கள் என்றால், குறைந்தது கம்பளிக் கலப்புத் துணியாவது வாங்குங்கள். உழைப்புக்கு முன்னால் துணியில் மிச்சம்பிடிக்கும் காசு பெரிதாகத் தெரியாது.

கையில் இருக்கும் துண்டு என்ன வகை என்று தெரியாவிட்டால், நகக்கண் அளவு வெட்டி இடுக்கியில் பிடித்து, பக்கத்தில் தண்ணீரை வைத்துக்கொண்டு தீயில் காட்டிப் பார்க்கலாம். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும். மிஞ்சும் சாம்பல் விரலில் பொடியும். செயற்கை இழை உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். கலப்புத் துணி இரண்டுக்கும் நடுவில் ஏதாவது செய்யும். இஸ்திரி போடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அக்ரிலிக்மேல் சூடான பெட்டியை வைத்தால் துணி பளபளவென்று தட்டையாகிவிடும், அல்லது பெட்டியின் அடியிலேயே ஒட்டிக்கொள்ளும்.

நான் எடுத்தது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பளி-ரேயான் கலப்பு. கருநீலத்தில் ஒன்று, கடுகு மஞ்சளில் ஒன்று. உள்தாள்களுக்கு மட்டும் வெள்ளையில் முழுக் கம்பளி. அடர்நிறத் துணிகளை முதலில் ஈர வெள்ளைத்துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்துவிடுவேன். சிவப்பும் கருநீலமும் சாயம் விடுவதில் பெயர் போனவை. பக்கத்தில் வெள்ளை வரப்போகும்போது இதை விட்டுவிட முடியாது.

நூல், வழக்கமான ஆறு இழைப் பருத்தி எம்பிராய்டரி நூல்தான். கண்டிலிருந்து முழங்கை நீளத்துக்குச் சற்று அதிகமாக, அரை மீட்டர் அளவில் வெட்டிக்கொள்கிறேன். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் நூல் ஃபெல்ட்டில் உரசி நைந்து பஞ்சாகும். இரண்டு இழை வேண்டுமென்றால் இரண்டையும் சேர்த்து உருவாதீர்கள். ஒவ்வோர் இழையாக மேல்நோக்கி நேராக உருவி எடுத்து, பிறகு சேர்த்துக் கோத்தால் முறுக்கு தளர்ந்து தையல் தட்டையாகப் படியும். பூத்தையலுக்கு இரண்டு இழை. ஓரத்துக்கு 8ஆம் எண் பெர்ல் நூல். பெர்ல் நூலில் எண் கூடினால் நூல் மெலியும்: 5 தடிமன், 8 நடுத்தரம், 12 மெல்லியது. ஒரே முறுக்கில் இருப்பதால் அதை இழை பிரிக்க வேண்டியதில்லை. இழைகளில் ஒன்று மட்டும் தொய்ந்து வெளியே வளையமாக நீட்டும் தொல்லையும் இல்லை. ஓரத் தையலுக்கு ஆறு இழை நூலில் மூன்றை எடுப்பவர்களே அதிகம். இரண்டையும் போட்டுப் பார்த்தவள் என்ற முறையில் என் ஓட்டு பெர்லுக்குத்தான்.

ஊசியின் எண்ணும் இப்படித்தான், கூடக்கூட மெலியும். இரண்டு இழைக்கு 7ஆம் எண் எம்பிராய்டரி ஊசி, பெர்லுக்கு 5. முனை கூராக இருக்க வேண்டும். குறுக்குத் தையலுக்கான மழுங்கிய ஊசி ஃபெல்ட்டில் தயங்கித் தயங்கித்தான் இறங்கும்.

துணியை இறுக்கிப் பிடிக்கும் எம்பிராய்டரி வளையம்? நான் மாட்டுவதில்லை. இந்தத் துணிக்கே போதிய விறைப்பு இருக்கிறது. வளையம் இறுக்கிய இடத்தில் பதியும் தடம் எளிதில் போகாது.

வடிவத்தைத் துணிக்கு மாற்றுவதுதான் பலரைச் சலிக்க வைக்கும் கட்டம். ஃபெல்ட்டின் மேற்பரப்பு மயிர்மயிராக இருப்பதால் பென்சில் கோடு நிற்காது. பேனா மை பரவும். கார்பன் தாள் பாதி விழும், பாதி விழாது. சூடு பட்டால் மறையும் பேனா வெளிர்நிறத் துணியில் எழுதும், ஆனால் கடுங்குளிரில் அந்தக் கோடு திரும்ப வரக்கூடிய மை அது. அடர்நிறத்தில் சில சமயம் வெளிறிய தடத்தையும் விட்டுவிடும். நீரில் கரையும் ஒட்டுத்தாள் வேலைக்கு மிக வசதி. வரைந்து, ஒட்டி, அதன்மேலேயே தைத்து, கடைசியில் நீரில் அமிழ்த்தினால் கரைந்து போகும். ஆனால் கம்பளி நனைந்தால் சிறிது சுருங்கும். அந்த வழியை எடுப்பவர்கள் தண்ணீரைக் குளிர்ந்ததாகவே வைத்து, துணியைக் கசக்காமல், காய்ந்த பிறகே அளவுக்கு வெட்ட வேண்டும்.

நான் திரும்பத் திரும்பப் போவது பழைய டிஷ்யூ தாள் வழிக்குத்தான். மெல்லிய தாளில் படத்தை வரைந்து, துணிமேல் குண்டூசியால் பொருத்தி, தாளோடு சேர்த்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுப்பது. கிழிக்கும் முன் தையலை ஒட்டி ஊசி முனையால் ஒரு கீறல் இழுத்துக்கொண்டால் தாள் தையலை இழுக்காமல் பிரியும். நெருக்கமான தையலுக்கு அடியில் மாட்டும் துணுக்குகளுக்கு இடுக்கி வேண்டும். பூவின் காம்பு, இலை நரம்பு போன்ற கோட்டு வேலைக்கு இது அருமை. அடைத்து நிரப்பும் வேலைக்கு அவ்வளவு அருமை இல்லை.

இனி வேலையின் வரிசை. ஃபெல்ட்டில் நான் கடைப்பிடிக்கும் ஒரே கண்டிப்பான விதி, பூத்தையல் முதலில், வெட்டு பிறகு. தையல் விழும்போது துணி கொஞ்சம் உள்ளே இழுக்கப்படும். 20 × 10 அளவை முதலிலேயே வெட்டிவிட்டால், தைத்து முடிக்கும்போது ஒரு பக்கம் இடுப்பு ஒடுங்கியிருக்கும். அதனால் 23 × 13 அளவில் தாராளமாக ஒரு துண்டு எடுத்து, 20 × 10 கட்டத்தையும் நடுமடிப்பையும் வெளிர்நிற நூலால் பெரிய ஓட்டுத் தையலில் குறித்துக்கொண்டேன். வெளிப்பக்கம் மேலே இருக்கும்படி விரித்து வைத்தால் முன்னட்டை வலது பாதியில் வரும். இதை ஒரு துண்டில் எழுதிக் குத்தி வைத்துவிடுவது உத்தமம், ஏனென்றால் கை பழக்கத்தில் இடது பாதிக்குத்தான் போகும்.

முன்னட்டைப் பூவுக்கு ஐந்து கடுகு மஞ்சள் இதழ்கள், ஒவ்வொன்றும் பெருவிரல் நுனி அளவு. இதழ் நரம்புகளையும் மஞ்சள் துணியை வெட்டும் முன்பே பழுப்பு நூலில் போட்டுவிட்டேன். அவ்வளவு சிறு துண்டை வெட்டி எடுத்த பிறகு விரலில் பிடித்துத் தைப்பது வீண் வம்பு. வெட்டுவதற்கு, தாள் வடிவத்தைத் துணிமேல் வைத்து மேலே கண்ணாடி ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டு, நாடா, தாள், துணி மூன்றையும் சேர்த்து வெட்டுகிறேன். குண்டூசி குத்தினால் சிறு துண்டு மேடுபட்டு அளவு மாறும். நாடா தட்டையாகப் பிடித்துக்கொள்ளும். வளைவில் கத்தரியைத் திருப்பாமல் துணியைத் திருப்ப வேண்டும். அலகின் நுனியால் கடித்துக் கடித்து வெட்டினால் ஓரம் படிப்படியாகத் தெரியும். அலகின் நடுப்பகுதியை வைத்து ஒரே ஓட்டமாகப் போனால் வழுக்கிக்கொண்டு வரும்.

இதழ்களைப் பசையால் ஒட்டலாமா என்று கேட்பார்கள். சூட்டுப் பசைத் துப்பாக்கி என்றால் வேண்டவே வேண்டாம். ஆறினால் கட்டியாகி, அந்த இடத்தில் ஊசி இறங்க மறுக்கும். ஒரு குண்டூசி, அல்லது நடுவில் ஒற்றைத் தையல் போதும். பிறகு இதழின் நிறத்திலேயே ஒற்றை இழை எடுத்து, ஓரத்தைச் சுற்றிச் செங்குத்தாகச் சின்னச் சின்னத் தையல்கள். கீழ்த்துணியில் ஊசி இதழின் ஓரத்துக்கு நேர் அடியில் மேலே வந்து, இதழுக்குள் ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி இறங்க வேண்டும். அப்போது தையல் ஃபெல்ட்டின் மயிருக்குள் அமிழ்ந்து, இதழ் தானாக ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும்.

காம்புக்குக் காம்புத் தையல், சிற்றிலைகளுக்கு லேசி டெய்சி என்ற வளையத் தையல், பூ நடுவில் பிரெஞ்சு முடிச்சுகள். இந்தக் கடைசி இரண்டும் ஃபெல்ட்டில் சற்று வேறு மாதிரி நடந்துகொள்ளும். நெய்த துணியில் முடிச்சைத் தாங்க நூல் சந்திகள் இருக்கும். ஃபெல்ட்டில் அப்படிப் பிடிமானம் இல்லாததால், வந்த துளையிலேயே ஊசியைத் திருப்பி இறக்கினால் முடிச்சு அப்படியே பின்பக்கம் உருவிக்கொண்டு போய்விடும். ஒரு மில்லிமீட்டராவது தள்ளி இறக்க வேண்டும். ஊசியில் இரண்டு சுற்று. இறக்கும்போது நூலின் வாலை மறுகையால் துணியை ஒட்டி இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். நூல் முழுதும் போகும்வரை அந்தப் பிடியை விடக்கூடாது. லேசி டெய்சியில் வளையத்தை இழுக்கும் அளவுதான் முக்கியம். இறுக்கினால் வளையம் மறைந்து வெறும் கோடாகித் துணிக்குள் புதையும். நூல் துணிமேல் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் இழுப்பு.

அடைத்து நிரப்பும் சாட்டின் தையலை இதில் தவிர்த்தேன். போடுவதாக இருந்தால், வடிவத்தின் எல்லையில் முதலில் பின் தையல் (பேக் ஸ்டிட்ச்) ஒரு சுற்று ஓட்டி, அதைத் தாண்டி நிரப்ப வேண்டும். அந்த வரப்பு இல்லாவிட்டால் ஓரம் மேடு பள்ளமாகும்.

பின்னட்டைக்கு வருகிறேன். இதற்காகவே இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். மத்திய ஆசியாவின் கிர்கிஸ் மக்கள் செய்யும் சிர்டாக் என்ற ஃபெல்ட் விரிப்பில் ஒரு தந்திரம் இருக்கிறது. இரண்டு நிறத் துணிகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஒரே வடிவத்தை இரண்டிலும் சேர்த்து வெட்டுகிறார்கள். பிறகு, வெட்டிய வடிவங்களை இடம் மாற்றிப் பொருத்துகிறார்கள். சிவப்புத் தரையில் நீலக் கொம்பு வடிவம், நீலத் தரையில் சிவப்புக் கொம்பு வடிவம். ஒரு வெட்டில் இரண்டு விரிப்புகளுக்கான கோலம். கழிவு என்று எதுவும் இல்லை. இந்தக் கலையை யுனெஸ்கோ 2012இல், உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. ஃபெல்ட்டில் வடிவம் வெட்டிப் பொருத்தும் பழக்கம் அதைவிடப் பன்மடங்கு பழையது. சைபீரியாவின் அல்தாய் மலையில் உள்ள பசிரிக் புதைமேடுகளில், பனிக்கட்டி காத்துவைத்ததால், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஃபெல்ட் வேலைகள் நிறத்தோடு கிடைத்திருக்கின்றன. தொல்லியலாளர் செர்கேய் ருதென்கோ தலைமையில் 1949இல் தோண்டிய ஐந்தாம் மேட்டில் கிடைத்த பெரிய தொங்கலில் குதிரை வீரன் ஒருவனின் உருவம் முழுக்க முழுக்க வெட்டித் தைத்த ஃபெல்ட் துண்டுகளால் ஆனது. இப்போது அது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓரம் பிரியாத துணி கையில் இருந்தால் மனிதருக்கு முதலில் தோன்றுவது இதுதான் போலும்.

விரிப்பு செய்யும் திட்டம் எனக்கு இல்லை. ஆறு சென்டிமீட்டரில் ஓர் இலை போதும். கருநீல அட்டையையும் அதே அளவு கடுகு மஞ்சள் துண்டையும் சேர்த்து அடுக்கி, இலை வரும் இடத்தைச் சுற்றிப் பெரிய தையல்களால் நகராமல் கட்டினேன். வெட்டக் கத்தரி உதவாது. வெட்டைத் தொடங்க எங்கேயாவது ஒரு துளை போட வேண்டும். இங்கே உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் இரண்டுமே வேண்டியவை. அதனால் மெல்லிய அலகுள்ள கைவினைக் கத்தி, அடியில் வெட்டுப் பலகை. கத்தியை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். சாய்ந்தால் மேல் இலையும் கீழ் இலையும் அளவில் வேறாகிவிடும், மாற்றி வைக்கும்போது ஒன்று இறுக்கும், மற்றது ஆடும். கூர்முனையிலிருந்து தொடங்கி ஒரு பக்கவாட்டு வளைவை ஒரே மூச்சில் கீறி, பலகையைத் திருப்பி, மறுபடி முனையிலிருந்து மறுபக்கம். புது அலகு போட்டுக்கொண்டால் ஃபெல்ட் முனகாமல் வெட்டுப்படும்.

இலைகளை மாற்றிப் பொருத்தியதும் ஒரு பிரச்சினை வரும். ஒரு மில்லிமீட்டர் துணியில் இரண்டு ஓரங்களும் முட்டிக்கொண்டு நிற்கப் போதுமான தடிமன் இல்லை. அதனால் அடியில் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை வைத்து, இலையின் நடு நரம்பாக ஒரு வரிப் பின் தையல் போட்டு நிலைநிறுத்தினேன். இலை அசையாமல் நின்ற பிறகுதான் ஓரம். சிர்டாக்கில் பொருத்துக்கோட்டின்மேல் முறுக்கிய கயிறு ஒன்றை ஓடவிட்டு மூடுவார்கள். அதையே நூலில் செய்தேன். 5ஆம் எண் பெர்லை இரட்டையாக்கி, இறுக முறுக்கி, பொருத்துக்கோட்டின்மேல் படுக்க வைத்து, மூன்று மில்லிமீட்டருக்கு ஒருமுறை ஒற்றை இழையால் குறுக்கே கட்டிக்கொண்டு போவது. கட்டும் தையல் ஒரு பக்கம் நீலத்தில் ஏறி மறுபக்கம் மஞ்சளில் இறங்குவதால், அலங்காரத்தோடு இரண்டு ஓரங்களையும் நெருக்கிப் பிடிக்கும் வேலையையும் அதுவே செய்கிறது. இலை முனையில் கயிற்றை மடக்கும் இடத்தில் மட்டும் ஒரே புள்ளியில் இரண்டு கட்டு. கயிற்றின் இரு நுனிகளையும் இலையின் அடியில் பின்பக்கம் இழுத்து முடிந்துவிட்டேன்.

சிறு பரப்புதான், ஆனால் இந்த இலை பிடித்த நேரத்தில் முழுப் பூவும் முடிந்திருக்கும். எனக்கு அதில் வருத்தமில்லை. நெருக்கத்தில் பார்த்தால் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஒரு மெல்லிய முறுக்கு வரப்பு ஓடுகிறது. விரல் வைத்தால் தட்டுப்படுகிறது.

பிறகு, எல்லாவற்றையும் அளவுக்கு வெட்டும் வேலை. குறித்து வைத்த ஓட்டுத் தையல் கோட்டில் அளவுகோலை அழுத்தி, கத்தியால் நேர்கோடு. கத்தரியால் 20 செ.மீ. நேராகப் போவது கைதேர்ந்தவர்களுக்கும் கடினம். அட்டையின் உள்பக்கத்தை மூடும் துணியான உள்ளுறையை 20 செ.மீ.க்குப் பதில் 19.8 செ.மீ. நீளத்துக்கு வெட்டினேன். புத்தகம் மூடும்போது உள்பக்கத்துக்குத் தேவைப்படும் நீளம் குறைவு. இரண்டும் ஒரே அளவாக இருந்தால் நடுமடிப்பில் உள்ளுறை சுருங்கி மடிந்து நிற்கும்.

கம்பளித் தாள்கள் 17 × 8 செ.மீ. இரண்டையும் சேர்த்து உள்ளுறையின் நடுக்கோட்டில் பின் தையலால் பிடித்தேன், வெளியட்டையைச் சேர்ப்பதற்கு முன்பே. அப்போதுதான் அந்தத் தையல் முதுகில் தெரியாது. நூல் வளையத்தையும் பொத்தானையும் இந்தக் கட்டத்திலேயே வைத்துவிட வேண்டும். வளையத்தின் கால்கள் இரண்டு துணிகளுக்கும் இடையில் புதையும். பொத்தானின் முடிச்சு அட்டையின் உள்பக்கம் மறையும்.

இனிமேல்தான் ஓரம்.

ஓரத்தைச் சுற்றிக் கட்டும் பிளாங்கெட் தையலுக்கு எவ்வளவு நூல் வேண்டும் என்பதை ஒரு கணக்காகவே சொல்லலாம். தையலின் இடைவெளி நான்கு மில்லிமீட்டர், உள்ளே இறங்கும் ஆழம் நான்கு மில்லிமீட்டர் என்றால், ஒவ்வொரு தையலும் ஓரத்தில் நான்கு, முன்பக்கம் நான்கு, பின்பக்கம் நான்கு என்று பன்னிரண்டு மில்லிமீட்டர் நூலைத் தின்னும். அதாவது ஓரத்தின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு. இந்தப் புத்தகத்தின் சுற்றளவு 60 செ.மீ., ஆகவே 180 செ.மீ. நூல், அதன்மேல் ஒவ்வோர் ஊசி நூலுக்கும் வால் மிச்சம். அரை மீட்டர் நூல் கோத்தால் சுமார் 13 செ.மீ. தூரம் போகலாம். இதைத் தெரிந்துகொண்டு தொடங்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தால், மூலையில் நூல் தீர்ந்துபோகும் எரிச்சலைத் தவிர்க்கலாம்.

தொடக்கம் இப்படி. முடிச்சிட்ட நூலை இரண்டு துணிகளுக்கும் நடுவிலிருந்து முன்பக்கமாக, ஓரத்திலிருந்து நான்கு மில்லிமீட்டர் உள்ளே வெளியே எடுக்க வேண்டும். முடிச்சு உள்ளே மறைந்துவிடும். நூலை ஓரத்தைச் சுற்றிப் பின்பக்கம் கொண்டுபோய், அதே துளை வழியாக முன்னே வந்தால் ஓரத்தைக் கட்டி ஒரு வளையம் கிடைக்கும். அந்த வளையத்துக்குள் ஊசியைப் பக்கவாட்டில் நுழைத்து இழுத்தால் நூல் சரியாக ஓரத்தின் விளிம்பில் வந்து நிற்கும். முதல் தையல் சாய்ந்து கிடப்பதைத் தடுப்பது இதுதான். அதன்பின், நான்கு மில்லிமீட்டர் தள்ளி முன்னிருந்து பின்னுக்கு ஊசியைச் செலுத்தி, முனை விளிம்புக்கு வெளியே எட்டிப் பார்க்கும்போது நூல் அதன் அடியில் கிடக்கும்படி பார்த்து இழுத்துக்கொண்டே போவது.

இழுக்கும் திசையில்தான் நேர்த்தி இருக்கிறது. பக்கவாட்டில் இழுத்தால் தையல்கள் காற்றில் சாய்ந்த வேலிபோல் படுக்கும். விளிம்புக்கு நேர் செங்குத்தாக, வெளிநோக்கி இழுக்க வேண்டும். விளிம்பில் படுக்கும் நூல் துணியைத் தொட்டவுடன் நிறுத்திவிட வேண்டும். இன்னும் இழுத்தால் ஃபெல்ட் இணங்கிக் கொடுக்கும், விளிம்பு அலையலையாகும். இடைவெளிக்குப் புள்ளி வைத்துக்கொள்ளலாம். முதல் பக்கத்துக்கு நானும் அட்டைத் துண்டில் நான்கு மில்லிமீட்டர் கோடுகள் போட்டு ஓரத்தோடு நகர்த்திக்கொண்டே போனேன். இரண்டாம் பக்கத்திலிருந்து அட்டை தேவைப்படவில்லை. இடது பெருவிரல் நகத்தின் நுனி எங்கே நிற்கிறதோ அங்கே அடுத்த துளை. கண் அளந்து போடும் தையலில் ஒரு சின்ன ஏற்ற இறக்கம் இருக்கும். அதைக் குறையாக நினைப்பவர்கள் தையல் இயந்திரம் வாங்கிக்கொள்ளட்டும்.

மூலைக்கு மூன்று தையல்கள், ஒரே துளையில். ஒன்று வந்த பக்கத்துக்கு, ஒன்று மூலைவிட்டமாகக் கூர்முனைக்கு, ஒன்று போகும் பக்கத்துக்கு. துளை இரு ஓரங்களிலிருந்தும் நான்கு மில்லிமீட்டரில் சரியாக அமைந்தால்தான் மூன்றும் ஒத்த அழகோடு விரியும். ஆகவே மூலைக்கு இரண்டு சென்டிமீட்டர் முன்பிருந்தே இடைவெளியைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டிக்கொண்டு வர வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் தள்ளி நின்று பார்ப்பவர் யாரும் அந்தத் திருத்தத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

நூல் தீர்ந்தால், கடைசித் தையலை முடித்ததும் விளிம்பு நூலில் ஒரு சிறு முடிச்சிட்டு, ஊசியை இரண்டு துணிகளுக்கும் நடுவில் செலுத்தி தூரத்தில் வெளியே எடுத்து வெட்டிவிடலாம். புது நூலும் நடுவிலிருந்தே தொடங்கும். அது பழைய நூல் நின்ற அதே விளிம்புப் புள்ளியில், கடைசி வளையத்துக்குள்ளிருந்து வெளியே வர வேண்டும். அப்படி வந்தால் ஒட்டு எங்கே என்று எனக்கே பிறகு தெரிவதில்லை. நடுமடிப்பை நெருங்கும்போது புத்தகத்தைப் பாதி மூடிய நிலையில் பிடித்துத் தைத்தேன். 19.8 செ.மீ. உள்ளுறை அந்த வளைவில் சரியாக வந்து பொருந்தியது.

மீதி மஞ்சள் துண்டில் அதே அளவுக்கு இன்னொரு புத்தகம் இருக்கிறது, மஞ்சள் தரையில் நீல இலையோடு. அது ஒரு தோழிக்கு. அவள் இடக்கையால் தைப்பவள் என்பதால் முன்னட்டையை இடது பாதியில் வைத்தேன். அவள் கேட்கவில்லை, எனக்குத்தான் ஆசை.

வெட்டில் விழுந்த நீலத் துணுக்குகளில் விரல் நீளப் பறவை ஒன்றும் செய்தேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு உடல் துண்டுகள், அதே பிளாங்கெட் தையல், மூன்று சென்டிமீட்டர் மட்டும் திறந்து விட்டு உள்ளே பஞ்சு. பஞ்சைப் பெரிய உருண்டையாகத் திணிக்காமல், நகம் அளவு பிய்த்துப் பிய்த்து, மழுங்கிய குச்சியால் முதலில் அலகுக்கும் வாலுக்கும் தள்ள வேண்டும். நடுப்பகுதி கடைசியில். கண்ணுக்கு மணி தைக்கலாம். சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்குப் போகும் பொம்மை என்றால் மணியும் பொத்தானும் கூடாது, பிரெஞ்சு முடிச்சே போதும்.

பராமரிப்பு சுலபம். முடி உருண்டை திரண்டால் பிய்க்காமல் கத்தரியால் மேலாக வெட்டுங்கள். பிய்த்தால் இன்னும் இழைகள் கிளம்பி வரும். அழுக்கான இடத்தைக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, தட்டையாகக் காய வைத்தால் போதும். வெந்நீரும் கசக்கலும் கம்பளியை மேலும் இறுக்கிச் சுருக்கிவிடும். முழுக் கம்பளியை உடைப்பூச்சியின் புழு அரிக்கும். அடிக்கடி திறந்து பயன்படுத்தும் பொருளுக்கு அந்த ஆபத்து குறைவு. மாதக்கணக்கில் பெட்டியில் கிடக்கும் உபரித் துணிகளைத்தான் காற்றுப் புகாத உறையில் வைக்க வேண்டும்.

அடுத்து மூன்று மில்லிமீட்டர் கம்பளி ஃபெல்ட்டில் இதே இலை மாற்றத்தைச் செய்து பார்க்க எண்ணம். அந்தத் தடிமனில் ஓரங்கள் தாமாகவே முட்டிக்கொண்டு நிற்கும், அடித்துணி வேண்டியிருக்காது. ஊசியைத் துணியின் தடிமனுக்குள்ளேயே ஓட்டி, இருபுறமும் தையல் தெரியாமல் இணைக்கவும் முடியும். அதற்கு இன்னும் நீளமான ஊசியும் தடித்த அலகும் வாங்க வேண்டும். வடிவம் மட்டும் முடிவாகிவிட்டது: வட்டமான ஒரு இருக்கை விரிப்பு, நடுவில் நான்கு இலைகள், இலைகளின் முனைகள் ஒன்றையொன்று தொடாமல்.